குதிரைக்குட்டி கோணக்காலோட பொறந்தா முதல்ல இன்னா பண்ணணும்

அந்தியூர் சந்தைல ஒரு ஆடி மாசம் செனைக் குதிரை ஒண்ணு வாங்கியாந்தோம், கல்யாண சாரட்டு வண்டிக்குன்னு. வித்தவரு "மூணு மாசம் செனை"ன்னாரு, நாங்களும் நம்பிக்கினு வந்துட்டோம். பங்குனி கடைசில விடியக்காலம் மூணரை மணிக்கு குட்டி போட்டுச்சு. எழுந்து நின்ன உடனே பாத்தா முன்னங்கால் ரெண்டும் கணுக்கால் கிட்ட (குளம்புக்கு கொஞ்சம் மேல இருக்கிற மூட்டு) முன்பக்கமா மடங்குது, குளம்போட நுனி மட்டும்தான் தரையில படுது, அது போதாதுன்னு வலது முட்டி வேற உள்பக்கமா சாஞ்சிருக்கு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. விடியறதுக்குள்ள கொட்டா முன்னாடி ஏழெட்டு பேரு கூடிட்டாங்க. ஒருத்தரு நல்லெண்ணெய் காய்ச்சி தேய்ச்சி இழுத்து உடணும்னாரு, ஒருத்தரு மூங்கில் பத்தை வெச்சு இறுக்கக் கட்டணும்னாரு, இன்னொருத்தரு வந்த வெலைக்கு தள்ளிடுன்னாரு.

வேலூர்ல ஜட்கா ஓட்டின காலத்துலேர்ந்து குதிரை வெச்சிருந்த ஒரு பெரிய பாய் எங்க தெருவுல இருக்காரு. அவரு மெதுவா வந்து நின்னு பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "இன்னா தம்பி, எல்லாரும் காலையே பாத்துக்கினு கீறீங்க, வாய் பால் குடிச்சிச்சா?"

குடிக்கல. பொறந்து ஒன்றரை மணி நேரம் ஆயிருந்துச்சு.

அதனால இதை எழுதும்போது காலைப் பத்தி ஆரம்பிக்காம பாலைப் பத்தி ஆரம்பிக்கிறேன். புதுசா குதிரை வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் இது, பழைய ஆளுங்களுக்கு தெரிஞ்சதுதான்.

முதல் நாள்: வயிறு முதல்ல, காலு ரெண்டாவது

ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 1 மணி நேரத்துல குட்டி எழுந்து நிக்கணும், 2 மணி நேரத்துல பால் குடிக்கணும், 3 மணி நேரத்துல தாய் நஞ்சுக்கொடி முழுசா போட்டுடணும். இதுல எது தவறினாலும் டாக்டருக்கு போன் போடுங்க, "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்"னு உக்காராதீங்க. காலு கோணலா இருக்கிற குட்டி தானா நிக்க முடியாம மடி வரைக்கும் போகாம பட்டினியிலயே சோர்ந்து போயிடும், அப்புறம் காலு நேரானா இன்னா ஆவாட்டி இன்னா.

சீம்பால் ஏன் இவ்ளோ முக்கியம்னா, குதிரைக்குட்டி தாய் வயித்துல இருக்கும்போது அதுக்கு நோய் எதிர்ப்பு சக்தி வந்து சேராது, எல்லாம் சீம்பால்லதான் வரணும். அந்த சக்தியை குடல் உறிஞ்சிக்கிறதும் முதல் 6, 8 மணி நேரத்துலதான் நல்லா நடக்கும், 24 மணி நேரம் ஆனா கதவு சாத்தின மாதிரிதான். சீம்பால் சரியா குடிக்காத குட்டிக்கு ரத்தத்துல கிருமி போயி மூட்டுல சீழ் புடிக்கும், அதுவும் காலு நோவுதான், ஆனா கோணக்காலை விட பத்து மடங்கு ஆபத்து. அதைப் பத்தி கீழ சொல்றேன்.

குட்டி நிக்க முடியலன்னா ரெண்டு பேரா தூக்கிப் புடிங்க, ஒரு கை நெஞ்சுக்கு முன்னாடி, ஒரு கை பின்பக்கம் வாலுக்கு கீழ. வயித்துக்கு அடியில கை குடுத்து தூக்காதீங்க. அப்படியே மடி கிட்ட கொண்டு போயி விடுங்க, காம்பை வாயில வெக்க நீங்க அவசரப்பட்டா அது மூஞ்சை திருப்பிக்கும், கொஞ்சம் பொறுமை வேணும். அதுவும் முடியலன்னா தாய்கிட்ட சுத்தமான சொம்புல கறந்து, ஆட்டுக்குட்டிக்கு போடுற ரப்பர் காம்பு பாட்டில்ல குடுங்க, தலை தாய் மடியில குடிக்கிற உயரத்துலயே இருக்கணும். சங்குல ஊத்துற மாதிரி தலையை அண்ணாத்தி வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்கு போயிடும். உறிஞ்சவே இல்லன்னா டாக்டரு மூக்கு வழியா டியூப் போட்டு குடுப்பாரு, அதை நாம பண்ணக்கூடாது.

தொப்புளுக்கு மஞ்சளும் வேணாம், சாம்பலும் வேணாம், சாணி சுத்தமா வேணாம். குதிரைக்கு ரணஜன்னி ரொம்ப சுலபமா வரும், லாயத்து மண்ணுலயும் சாணத்துலயும் அந்த கிருமி இருக்கும். குளோர்ஹெக்சிடின் மருந்தை டாக்டர் சொல்ற மாதிரி தண்ணி கலந்து (0.5 சதவீதம் போதும்) ஒரு சின்ன கப்புல ஊத்தி தொப்புளை முக்கி எடுங்க, முதல் ரெண்டு மூணு நாள் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. தாய்க்கு குட்டி போடறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரணஜன்னிக்கு போடுற டிடி ஊசி போட்டிருந்தா சீம்பால்லயே குட்டிக்கும் அந்த பாதுகாப்பு போயிடும். எங்களுக்கு அப்ப தெரியாது, போடல.

இன்னொண்ணு, பொறந்த குட்டி குளம்பு அடியில மெத்து மெத்துன்னு வெளிர் மஞ்சளா நார் நாரா தொங்கும், பாத்தா குளம்பு அழுகின மாதிரி பயமா இருக்கும். அது தாய் வயித்தை குளம்பு கிழிச்சிடாம இருக்க இயற்கையா வர்ற உறை. நடக்க நடக்க ஒரே நாள்ல தேஞ்சிடும். கத்தி எடுத்துக்கினு போகாதீங்க.

எந்த மாதிரி கோணல்னு பிரிச்சு பாருங்க

கோணக்கால்னு ஒரே பேரா சொல்றோம், ஆனா உள்ள மூணு நாலு வேற வேற பிரச்னை இருக்கு, ஒண்ணுக்கு பண்ற வைத்தியம் இன்னொண்ணுக்கு கெடுதல். அதனால இந்த இடத்துல அவசரமே படாதீங்க.

முதல்ல பாக்குற விதம். கெட்டியான சமதரையில குட்டியை நிக்க வைங்க, ஒருத்தர் தாயைப் புடிச்சிருக்கணும். நீங்க நெஞ்சுக்கு நேரா நின்னு பாக்காதீங்க, குளம்பு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கமா போயி உக்காந்து பாருங்க. ஏன்னா பொறந்த குட்டிக்கு நெஞ்சு குறுகலா இருக்கும், அதனால முன்னங்கால் தோள்லேர்ந்தே முழுசா வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். நேரா நின்னு பாத்தா முட்டி உள்ள சாஞ்ச மாதிரியே தெரியும், குளம்புக்கு நேரா போயி பாத்தா காலு கம்பு மாதிரி நேரா இருக்கும். இது பிரச்னையே இல்ல, நெஞ்சு அகலமாக ஆக தானா திரும்பிடும். இதுக்குப் போயி குளம்பை சீவி கெடுத்தவங்க நிறைய பேரு.

குளம்புக்கு நேரா பாத்தும் முட்டி உள்ள வந்து கீழ்க்கால் வெளிய போச்சுன்னா அது நெஜமான கோணல், நம்ம ஊர்ல முட்டி தட்டுதுன்னு சொல்வாங்க. கொஞ்சமா, 5 டிகிரி வரைக்கும், பொறந்த குட்டிங்க நிறைய பேருக்கு இருக்கும், பெரும்பாலும் தானா சரியாவும். எதிர்ப்பக்கமா, வில்லு மாதிரி வெளிய வளைஞ்சிருந்தா அதை அவ்ளோ சாதாரணமா விட முடியாது, சீக்கிரம் காட்டணும். ஒரு காலு உள்ள ஒரு காலு வெளிய, ரெண்டும் ஒரே பக்கம் காத்துல சாஞ்ச தென்னை மாதிரி இருக்கிறதும் உண்டு.

அடுத்து, குட்டி படுத்திருக்கும்போது முட்டியை ஒரு கையிலயும் கணுக்காலை ஒரு கையிலயும் புடிச்சு மெதுவா நேரா கொண்டாந்து பாருங்க, மெதுவான்னா குழந்தை கையைப் புடிக்கிற மாதிரி. கையோட வந்து நேராயிடுச்சுன்னா கோணல் எலும்பு வளர்ற இடத்துல இல்ல, மூட்டைச் சுத்தி இருக்கிற நார் தளர்ந்திருக்கு, இல்லன்னா முட்டிக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன எலும்புங்க இன்னும் கெட்டிப்படல. கையோட வராம அப்படியே நின்னா எலும்பு ஒரு பக்கம் அதிகமாவும் ஒரு பக்கம் கம்மியாவும் வளந்திருக்குன்னு அர்த்தம்.

இந்த கெட்டிப்படாத எலும்பு விஷயம்தான் எனக்கு ரொம்ப பயம். குதிரைக்கு செனைக்காலம் சுமார் 340 நாள், 320 நாளுக்கு முன்னாடி போட்டா குறைமாசம். குறைமாசக் குட்டி, ரெட்டைக் குட்டி, இவங்களுக்கு முன்முட்டியிலயும் பின்னங்கால் மூட்டுலயும் இருக்கிற சின்ன எலும்புங்க குருத்தெலும்பாவே இருக்கும். வெளிய பாத்தா காலு நேராக்கூட இருக்கலாம். ஆனா அதை தாயோட ஓட உட்டா எலும்பு நசுங்கிடும், நசுங்கினது திரும்ப வராது, ஆயுசு முழுக்க நொண்டிதான். எக்ஸ்ரே எடுத்தாதான் தெரியும். எக்ஸ்ரே எடுக்கிற வரைக்கும் குட்டியும் தாயும் ஒரு சின்ன அறையிலயே இருக்கணும், வெளிய போகவே கூடாது. எங்களை மாதிரி சந்தைல வாங்கி செனைத்தேதி தெரியாதவங்க, குட்டி ரொம்ப சின்னதா, முடி பட்டு மாதிரி, காது தொங்கலா, நெத்தி புடைச்சிருந்தா குறைமாசம்னே நெனைச்சு நடந்துக்கோங்க.

காலு தரையில படிஞ்சு போச்சுன்னா

கணுக்கால் பின்பக்கம் தரையைத் தொடுது, குளம்போட நுனி வானத்தைப் பாக்குது, குட்டி செருப்பு பெருசா போட்ட குழந்தை மாதிரி தப் தப்னு நடக்குது. பின்னங்கால்ல அதிகம் வரும். பாக்க கொடுமையா இருந்தாலும் இருக்கிறதுலயே சுலபமானது இதுதான். பலம் ஏற ஏற ஒண்ணு ரெண்டு வாரத்துல நிமிர்ந்துடும். இதுக்கு கட்டு போடக்கூடாது. கட்டு தாங்கிக்கிச்சுன்னா தசைக்கு வேலை இல்ல, இன்னும் தளர்ந்துடும். தோல் உரியுதுன்னா மட்டும் லேசா துணி சுத்தலாம், தாங்குறதுக்கு இல்ல. காலைல சாயங்காலம் பத்துப் பதினஞ்சு நிமிஷம் கெட்டித் தரையில நடக்க உடுங்க. பாலாத்து மணல்ல உடாதீங்க, கால் புதைஞ்சு புதைஞ்சு சீக்கிரம் சோர்ந்துடும். ஒரு வாரத்துல முன்னேற்றமே இல்லன்னா குளம்புக்கு பின்னாடி நீட்டிக்கினு இருக்கிற மாதிரி சின்ன பலகை ஒட்டுவாங்க, அதை லாடக்காரர் மட்டும் முடிவு பண்ணக்கூடாது, டாக்டரும் கூட இருக்கணும்.

காலு மடங்கி இழுத்துக்கிச்சுன்னா

இதான் எங்க குட்டிக்கு. ஊர்ல நரம்பு இழுத்துக்கிச்சுன்னு சொல்வாங்க, நரம்பு இல்ல, தசைநார். குளம்பு அடிப்பாகம் தரையில படுதா, கணுக்கால் மடங்காம நிக்குதான்னு பாருங்க. லேசா நிமிர்ந்த மாதிரி இருந்தா, தானா நின்னு குடிச்சா, ரெண்டு மூணு நாள் கெட்டித் தரையில கொஞ்சம் கொஞ்சம் நடந்தாலே இளகிடும். கணுக்கால் முன்னாடி மடங்கி அதுமேல நடக்குதுன்னா அதே நாள் டாக்டர் வரணும், தோல் தேஞ்சு மூட்டு தெரியிற அளவுக்கு போயிடும். முன்முட்டிக்கு முன்னாடி, கொஞ்சம் வெளிப்பக்கமா, முட்டை மாதிரி மெத்துன்னு ஒரு வீக்கம் வந்தா முன்பக்க நார் அறுந்திருக்கலாம், அதையும் சொல்லுங்க.

டாக்டர் எங்க குட்டிக்கு ரெண்டாவது நாள் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி போட்டாரு, பெரிய டோஸ், சலைன்ல கலந்து ரத்தக் குழாய் வழியா மெதுவா ஏத்தினாரு. அது கிருமிக்கு குடுக்கிற மருந்துதான், ஆனா பொறந்த முதல் சில நாள்ல அந்த அளவுல குடுத்தா நார் இளகி நீளும். இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும்: நம்ம பக்கம் மாடு வெச்சிருக்கிற வீட்டுல இந்த ஊசி பாட்டில் அலமாரியிலயே இருக்கும், பொய்கை சந்தைக்குப் போறவங்க பாதி பேருக்கு ஊசி போடவும் தெரியும். தயவு செஞ்சு நீங்களே போட்டுடாதீங்க. பால் சரியா குடிக்காம உடம்புல தண்ணி வத்தின குட்டிக்கு இது கிட்னியைக் கெடுத்துடும், அதனாலதான் டாக்டர் முதல்ல பால் குடிச்சிச்சா, ஒண்ணுக்கு போச்சான்னு கேட்டுட்டு அப்புறம் போட்டாரு. மனுஷங்க சாப்பிடற வலி மாத்திரையும் குடுக்காதீங்க, வயித்துல புண்ணு வந்துடும்.

அடுத்தது கட்டு. இதுலதான் நான் தப்பு பண்ணேன். பிளம்பிங் கடைல பிவிசி பைப்பு வாங்கி, நீளவாக்குல பாதியா அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, ரெண்டு முனையையும் மெழுகுவத்தில காட்டி லேசா வெளிய வளைச்சு வெச்சோம், அது வரைக்கும் டாக்டர் சொன்னபடியே. காலைச் சுத்தி மொத்தமா பஞ்சு, அதுமேல கிரேப் பேண்டேஜ், அதுக்குப் பின்னாடி பைப்பு, அதுமேல திரும்ப பேண்டேஜ். 6 மணி நேரம் கட்டு, 6 மணி நேரம் அவிழ்த்து ஓய்வுன்னு சொன்னாரு. மூணாவது நாள் ஆம்பூர்ல ஒரு கல்யாண ஆர்டர், சாரட்டு எடுத்துக்கினு போயிட்டேன், நைட் பத்து மணிக்கு அவிழ்க்க வேண்டியது, திரும்பி வந்து அவிழ்க்கும்போது காலைல ஏழு. பஞ்சு கீழ நழுவிப் போயி பைப்போட ஓரம் வலது கணுக்கால் பின்பக்கத்துல நேரா உக்காந்திருந்துச்சு. ஒரு ரூபா காசு அளவுக்கு தோல் கருத்து, சுத்தி ஈரமா இருந்துச்சு, நாலு நாள் கழிச்சு அந்த தோல் அப்படியே உதிர்ந்துச்சு. ஆற ஒரு மாசம் ஆச்சு.

அதனால, கட்டு போட்டா அவிழ்க்க ஆளு வீட்டுல இருக்கணும், இல்லன்னா போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் அவிழ்த்த உடனே கணுக்கால் பின்பக்கம், முன்முட்டிக்குப் பின்னாடி துருத்திக்கினு இருக்கிற எலும்பு, பைப்பு முடியற ரெண்டு முனை, இந்த இடத்தையெல்லாம் விரலால தடவிப் பாருங்க. சூடா, ஈரமா, தடிச்சு இருந்தா அடுத்த கட்டு கிடையாது. நம்ம வேலூர் வெயிலுக்கு சித்திரைல பஞ்சுக்குள்ள வேர்த்து கொதிச்சிடும், ஈரப் பஞ்சை காய வெச்சு திரும்பக் கட்டாதீங்க, புதுசு போடுங்க. மூங்கில் பத்தை, சணல் கயிறு, இதெல்லாம் வேணவே வேணாம்.

முட்டி சாய்ஞ்சதுக்கு நாள் கணக்கு

மடங்கினது பத்து நாள்ல நிமிர்ந்துச்சு. வலது முட்டி சாய்ஞ்சது அப்படியே இருந்துச்சு. எக்ஸ்ரேல சின்ன எலும்பு நல்லா இருக்கு, முட்டிக்கு மேல வளர்ற இடத்துலதான் வித்தியாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதுக்கு பண்ண வேண்டியது ரொம்ப கம்மி, ஆனா நாளை எண்ணிக்கினே இருக்கணும். எலும்பு வளர்ற வரைக்கும்தான் கோணலை திருப்ப முடியும். கணுக்கால் கிட்ட வளர்ச்சி 3 மாசத்துல கிட்டத்தட்ட நின்னுடும், அதனால அங்க கோணல்னா முதல் மாசத்துலயே முடிவு எடுக்கணும், ரெண்டு மாசம் தாண்டினா லேட். முன்முட்டிக்கும் பின்னங்கால் மூட்டுக்கும் இன்னும் டைம் இருக்கு, ஆனாலும் 4 மாசத்துக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடணும். "வளர வளர சரியாயிடும்"னு ஊர்ல சொல்றது முட்டிக்கு பாதி நெஜம், கணுக்காலுக்கு ரொம்ப டேஞ்சர்.

நான் பண்ணது இது: வாரா வாரம் செவ்வாய்க்கிழமை போட்டோ. பொய்கை சந்தை நாளுங்கிறதால மறக்கவே முடியாது, விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல மாட்டு வண்டியும் லாரியும் போற சத்தம் கேக்கும். கொட்டா வாசல் சிமெண்ட் தரைல சாக்பீஸ்ல ஒரு கோடு, அதுல குட்டி நிக்கணும், இன்னொரு கோட்டுல நான் குந்திக்கினு செல்போனை முட்டி உயரத்துக்கு வெச்சு எடுப்பேன். தினம் பாக்குற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நாலு போட்டோவை வரிசையா வெச்சா தெரியும். டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் ஒரே கோணத்துல இருக்கிறதால அவருக்கும் சுலபம்.

இந்த நாள்ல குட்டியை தாயோட இஷ்டத்துக்கு ஓட உடக்கூடாது. சாய்ஞ்ச பக்கம் பாரம் அதிகமா விழுந்தா அந்தப் பக்கம் எலும்பு வளர்ச்சி இன்னும் அமுங்கும். சின்ன இடத்துல கொஞ்ச நேரம், மீதி நேரம் அறையில.

மூணு நாலு வாரம் ஆனப்புறம் குளம்பு ராவலாம். முட்டி உள்ள சாய்ஞ்சிருந்தா குளம்போட வெளிப்பக்கம் லேசா ராவணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரத்தால ரெண்டு மூணு இழுப்பு அவ்ளோதான். வெளிய வளைஞ்ச காலுன்னா உள்பக்கம். ஒரே நாள்ல நிறைய ராவினா மேல இருக்கிற கோணல் நேராகாம கீழ கணுக்கால்ல புதுசா ஒரு கோணல் வரும். குளம்புல பக்கவாட்டுல பசையால நீட்டிப்பு வெக்கிறதும் உண்டு, முட்டி உள்ள சாய்ஞ்சதுக்கு உள்பக்கமா நீட்டிப்பு. ரெண்டு வாரத்துக்கு மேல அதை உட்டா குளம்பு சுருங்கிடும்.

இதுக்கும் அடங்கலன்னா ஆபரேஷன்தான், எலும்பு வேகமா வளர்ற பக்கத்துல ஸ்க்ரூ போட்டு அந்தப் பக்கத்தை கொஞ்ச நாள் நிறுத்தி வெப்பாங்க. நேரான உடனே ஸ்க்ரூவை எடுத்துடணும், உட்டுட்டா எதிர்ப்பக்கம் கோணிக்கும். நம்ம பக்கத்துக்கு சென்னை வேப்பேரில 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, வேலூர்லேர்ந்து 140 கிலோமீட்டர் சுமார். வண்டில கொண்டு போகும்போது தாயையும் கூட்டிக்கினு போங்க, தாயைக் கட்டுங்க, குட்டியைக் கட்டாதீங்க, தரையில வைக்கோல் மொத்தமா போடுங்க, பால் குடிக்க நடுவுல ரெண்டு தடவை நிறுத்துங்க.

உடனே போன் போட வேண்டியது

நேத்து வரைக்கும் நல்லா நடந்த குட்டி இன்னிக்கு ஒரு காலை ஊன மாட்டேங்குது, ஏதோ ஒரு மூட்டு வீங்கி சூடா இருக்கு, ஜுரம் 102க்கு மேல. எல்லாரும் "தாய் மிதிச்சிருக்கும்"னு சொல்வாங்க. மிதிச்சதா இருந்தா அப்புறம் சந்தோஷப்பட்டுக்கலாம், முதல்ல மூட்டுல சீழ்னு நெனைச்சு அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடுங்க, ஒரு நாள் தள்ளினாலும் மூட்டு போயிடும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. ஆனா குட்டி போடறதுக்கு முன்னாடியே, குதிரை பாத்து பழகின டாக்டர் ஒருத்தர் நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, நடுராத்திரில தேட முடியாது.

தீனியும் கொஞ்சம் கவனிங்க. நம்ம ஆளுங்க குதிரைக்கு பாசம்னா தவிடும் கொள்ளுமா கொட்டுவாங்க. தவிட்டுல பாஸ்பரஸ் ரொம்ப அதிகம், கால்சியம் கம்மி. செனைக் குதிரைக்கும் வளர்ற குட்டிக்கும் தவிடே கதின்னு ஆனா எலும்பு சரியா வராது. புல்லு, குதிரை மசால், அளவா தானியம், தாது உப்புக் கலவை, அதுக்கு மேல தவிடு கொஞ்சம். குட்டியை சீக்கிரம் பெருசாக்கணும்னு மூணு நாலு மாசத்துல தீனியை ஏத்தினீங்கன்னா, நேரா இருந்த காலே அப்ப இழுத்துக்கும்.

எங்க குட்டிக்கு எட்டாவது செவ்வாய்க்கிழமை போட்டோல முட்டி நேராயிடுச்சு, ஸ்க்ரூ வரைக்கும் போகல. ஆனா அந்த வலது கணுக்கால் பின்பக்கம் புண்ணு ஆறின இடத்துல முடி வெள்ளையா மொளைச்சிடுச்சு, மீதி உடம்பு முழுக்க செவலை. போன ஆடிக்கு அந்தியூருக்கு சும்மா கூட்டிக்கினு போயிருந்தோம், ஒருத்தர் காலைத் தூக்கிப் பாத்துட்டு, "இந்த எடத்துல வெள்ளை இருந்தா ராசியா தம்பி, இது இன்னா சுழி?"ன்னு கேட்டாரு.

"சுழி இல்லண்ணா, பிவிசி பைப்பு"ன்னேன்.